மூன்றாவது வாரம் படம் பார்க்கிறவர்கள்

நான் சினிமா விமர்சகன் இல்லை. வருஷத்துக்குப் பத்து, பன்னிரண்டு படம் தியேட்டரில் பார்க்கிற ஆள். முதல் நாள் முதல் காட்சி பார்த்தது வாழ்க்கையில் மொத்தம் மூன்று முறை. மூன்றுமே நண்பர்கள் இழுத்துக்கொண்டு போனது.

சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எந்தப் படத்தை எப்போது பார்த்தேன் என்று ஞாபகம் வரவில்லை. டிக்கெட் மெசேஜ்களைத் தேடி எடுத்து, படம் வந்த தேதி, நான் பார்த்த தேதி, பிடித்ததா இல்லையா என்று எக்ஸெல்லில் போட்டேன் (தொழில் புத்தி). முதல் மூன்று நாளில் பார்த்த படங்களில் பாதிக்கு மேல் பிடிக்கவில்லை. இரண்டாவது வாரமோ அதற்குப் பிறகோ பார்த்தவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே பிடித்திருந்தது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பத்து நாள் தாண்டியும் தியேட்டரில் நிற்கிற படம் ஏற்கெனவே வடிகட்டப்பட்ட படம். பால் பூத்தில், ஷேர் ஆட்டோவில், ஆபீஸ் கேன்டீனில் நாலு பேர் நல்லா இருக்குன்னு சொன்ன பிறகுதான் நான் போயிருக்கேன்.

ஆனால் அந்த ஷீட்டில் இன்னொரு பட்டியலும் சேர்ந்தது. போகணும்னு நினைத்து, வேலையெல்லாம் முடித்து ஆப்பைத் திறந்தபோது காலை 10.40 காட்சி மட்டும், அதுவும் ஊருக்கு மறுகோடியில், மிச்சமிருந்த படங்கள். அந்தப் பட்டியல்தான் நீளம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கொஞ்சம் பின்னால் போகணும். நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. அப்பா எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் வேலை. காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஏ ஷிப்ட், இரண்டிலிருந்து இரவு பத்து வரை பி, பத்திலிருந்து காலை ஆறு வரை சி. வாரா வாரம் மாறும். வட சென்னையில் இந்த மூன்று எழுத்தை வைத்துத்தான் கல்யாண வீட்டுக்குப் போவது, ரேஷன் கடைக்குப் போவது, ஸ்கூல் மீட்டிங் எல்லாமே முடிவாகும். சினிமாவும்தான்.

பி ஷிப்ட் வாரத்தில் படம் கிடையாது. அவர் கேட்டைத் தாண்டி சைக்கிளை எடுக்கும்போதே செகண்ட் ஷோவில் டைட்டில் ஓடிக்கொண்டிருக்கும். சி ஷிப்டில் பகலெல்லாம் தூக்கம், ஆறரை மணி ஷோ போனால் ஒன்பதே கால் ஆகிடும், பத்து மணிக்கு உள்ளே நிற்கணும். வார லீவு ஞாயிற்றுக்கிழமையே வரும் என்று சொல்ல முடியாது. ஆக, குடும்பத்தோடு ஃபர்ஸ்ட் ஷோ போவது என்றால் ஏ ஷிப்ட் வாரம் ஒன்றுதான். அது மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வரும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு படம் நம்ம ஏரியா தியேட்டரில் மூன்று வாரம் ஓடினால், எப்போது ரிலீஸானாலும் அப்பாவின் ஏ ஷிப்ட் அதற்குள் ஒரு முறை வந்தே தீரும். ஒரு வாரம்தான் ஓடும் என்றால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. பரீட்சையில் கேட்டால் ஒரு மார்க் கேள்வி. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் சினிமா இந்த ஒரு மார்க்கில்தான் இருந்தது. துறைமுகத்தில் வேலை செய்தவர்கள், மில்லில் இருந்தவர்கள், டயர் கம்பெனி, லாரி கம்பெனி, எல்லோருக்கும் ஏதாவது ஒரு ரூபத்தில் இதே கதை.

அப்போது படங்கள் அந்த மூன்று வாரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். 1991-ல் வந்த சின்னத்தம்பியை நாங்கள் பார்த்தது ஏழாவதோ எட்டாவதோ வாரத்தில். அதற்குள் தெருவில் எல்லோருக்கும் கதை மனப்பாடம். யாரும் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குப் போகும் வழியில் பிளாக் டிக்கெட் விற்கிறவனை ஒரு பார்வை பார்ப்பார். "மொத நாளு எல்லா படத்துக்கும்தான் கூவுவான். ரெண்டாவது திங்கக்கெழமை அவன் மூஞ்சியப் பாரு, அப்பத் தெரியும் படம் இன்னான்னு" என்பார். நான் பார்த்த வரையில் இதைவிட நம்பகமான ரேட்டிங் எந்த ஆப்பிலும் இல்லை.

படங்கள் ஏன் அவ்வளவு நாள் ஓடின? ஜனங்களுக்கு அப்போது வேறு பொழுதுபோக்கு இல்லை என்பார்கள். அது பாதி பதில்தான். மீதிப் பாதி பிலிம் பிரிண்ட்டில் இருக்கிறது. ஒரு பிரிண்ட் எடுப்பது செலவு பிடித்த காரியம். அதனால் பிரிண்ட்டுகளை எண்ணித்தான் எடுப்பார்கள். 1973-ல் உலகம் சுற்றும் வாலிபன் வந்தபோது சென்னை நகரத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய தியேட்டர்களில்தான் வந்தது. அதில் ஒன்று எங்கள் அகஸ்தியா. மவுண்ட் ரோட்டுக்கு ஒன்று, வட சென்னைக்கு ஒன்று என்கிற மாதிரி பங்கு. பக்கத்துப் பக்கத்துத் தியேட்டர் இரண்டும் ஒரே பிரிண்ட்டை வைத்துக்கொண்டு, ரீல் பெட்டியை சைக்கிளில் மாற்றி மாற்றி எடுத்துப் போய் ஓட்டியதும் உண்டு. நகரத்தில் தேய்ந்த பிரிண்ட் அடுத்து சின்ன ஊருக்குப் போகும், அங்கிருந்து டூரிங் டாக்கீஸுக்கு. ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று இன்றைக்கும் சொல்கிறார்களே, அது ரசிகர்களின் தரத்தைச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பிரிண்ட் பயணம் செய்த வரிசை.

என் தொழிலில் இதற்கு ஒரு ஒப்புமை உண்டு. புது மென்பொருளை எல்லோருக்கும் ஒரே நாளில் திறந்துவிட மாட்டோம். முதலில் கொஞ்சம் பேருக்கு, பிறகு இன்னும் கொஞ்சம் பேருக்கு. வெள்ளிக்கிழமை ரிலீஸ் செய்யவே கூடாது என்பது எழுதப்படாத சட்டம். பிரச்சினை வந்தால் சனி, ஞாயிறு போச்சு. சினிமாக்காரர்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் ரிலீஸ் செய்கிறார்கள், அதுவும் ஒரே நாளில் ஊர் முழுக்க. அவர்கள் தைரியசாலிகள்.

2005-க்குப் பிறகு டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் வந்தது. நம்ம சென்னையில் பிறந்த கியூப் இதில் பெரிய பெயர். ரீல் பெட்டி போய், ஹார்ட் டிஸ்க்கும் சாட்டிலைட்டும் வந்தன. பிரிண்ட்டை எண்ண வேண்டிய அவசியம் போனது. தமிழ்நாட்டில் இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் திரைகளில் பெரும்பாலானவற்றை ஒரு பெரிய நடிகரின் படம் ஒரே நாளில் எடுத்துக்கொள்ள முடியும். டி.எச். ரோட்டிலும் ஓடும், ஓ.எம்.ஆரிலும் ஓடும், உசிலம்பட்டியிலும் ஓடும். இது ஒரு வகையில் நல்ல விஷயம்தான், சி சென்டர்காரன் தேய்ந்த பிரிண்ட்டுக்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்கிற பொருள் எல்லோரிடமிருந்தும் ஒரே வாரத்தில் போய்விடுகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை நாலு புதுப் படம் வாசலில் நிற்கும்.

அப்புறம் ஓடிடி. பெரிய தமிழ்ப் படங்களுக்கு இன்றைய நடைமுறை நாலு வாரம். கூலி 2025 ஆகஸ்ட் 14-ல் தியேட்டருக்கு வந்தது, செப்டம்பர் 11-ல் பிரைமில். சரியாக 28 நாள். மகாராஜா 2024 ஜூன் 14, நெட்ஃபிளிக்ஸில் ஜூலை 12. அதுவும் 28 நாள். தக் லைஃப் படத்துக்கு எட்டு வாரம் இடைவெளி என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். 2025 ஜூன் 5-ல் வந்த படம் எடுபடவில்லை, ஜூலை 3-ல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துவிட்டது. தியேட்டர் உரிமையாளர்கள் எட்டு வாரம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்தி வட்டாரத்தில் தேசிய மல்டிபிளெக்ஸ் கம்பெனிகள் எட்டு வாரம் என்று பிடிவாதமாக நின்றதால்தான் 2023-ல் லியோ இந்திப் பதிப்பு அந்தத் திரைகளில் வரவில்லை.

நாலு வாரம் என்றால் அப்பாவின் மூன்று வாரத்தைவிட அதிகம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சிக்கல் என்னவென்றால், நாலு வாரம் என்பது பேப்பரில்தான். சாயங்கால ஷோ முதல் வாரத்துக்குத்தான் உத்தரவாதம். இரண்டாவது வாரம் மதியக் காட்சி, மூன்றாவது வாரம் எங்கோ ஒரு காலைக் காட்சி. "இன்னும் பத்து நாள்ல வீட்லயே வந்துடும்" என்று தெரிந்த ஜனங்களுக்காகத் தியேட்டர்காரர் எதற்கு ஆறரை மணி ஷோவை வைத்திருக்கப் போகிறார்?

இதில் தியேட்டருக்குத்தான் பெரிய அடி என்பது பலருக்குத் தெரியாத விஷயம். டிக்கெட் வசூலில் விநியோகஸ்தருக்கும் தியேட்டருக்கும் உள்ள பங்கு வாரா வாரம் மாறும். 2009-ல் இந்தித் தயாரிப்பாளர்களும் மல்டிபிளெக்ஸ்களும் இரண்டு மாதம் சண்டை போட்டு ஒரு கணக்குக்கு வந்தார்கள். முதல் வாரம் விநியோகஸ்தருக்கு 50 சதவீதம், இரண்டாவது வாரம் 42.5, மூன்றாவது 37.5, அதற்குப் பிறகு 30. தமிழில் நட்சத்திரப் படங்களுக்கு முதல் வார விகிதம் இதைவிட அதிகமாகப் போகும். ஆனால் போக்கு ஒன்றுதான், நாள் ஆக ஆகத் தியேட்டரின் பங்கு கூடும். அதாவது முதல் நாள் விசிலடிக்கிற ரசிகனின் டிக்கெட்டில் தியேட்டருக்குக் கிடைப்பதைவிட, மூன்றாவது வாரம் பிள்ளைகளோடு வந்து முறுக்கு வாங்குகிற எங்கள் அப்பா மாதிரி ஆளின் டிக்கெட்டில் கூடுதலாக நிற்கும். அந்த மூன்றாவது வாரத்தை எடுத்துவிட்டால், மல்டிபிளெக்ஸ் பாப்கார்னை வைத்துச் சமாளிக்கும். ஒற்றைத் திரைக்காரர் எதை வைத்துச் சமாளிப்பார்?

விலையையும் சொல்லிவிடுகிறேன். 2017 அரசாணைப்படி மாநகராட்சிப் பகுதி மல்டிபிளெக்ஸில் அதிகபட்சம் 150 ரூபாய், மற்ற ஏசி தியேட்டரில் 100. அதற்கு மேல் வரி. நாலு பேருக்கு டிக்கெட்டே பெரிய தொகை, முன்பதிவுக் கட்டணம் தனி, இடைவேளையில் பிள்ளைகள் கை நீட்டுவது தனி. 1,500 இல்லாமல் வீடு திரும்ப முடியாது. இவ்வளவு பணத்தை முதல் மூன்று நாளுக்குள், நாலு பேரிடம் விசாரிக்காமல், குருட்டாம்போக்கில் போடு என்கிறது இன்றைய சினிமா. சம்பளக்கார வீட்டில் அது நடக்காது. 2025 செப்டம்பர் 22-லிருந்து 100 ரூபாய்க்கு உட்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஒற்றைத் திரைகளுக்கு உதவும்தான், ஒற்றைத் திரைகள் மிச்சமிருக்கிற வரை.

இதெல்லாம் சொல்லிவிட்டு, ஜனங்கள் தியேட்டருக்கு வருவதை விட்டுவிட்டார்கள் என்று முடித்தால் அது பொய். நான் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

மதகஜராஜா. பன்னிரண்டு வருஷம் பெட்டியில் கிடந்த படம். 2025 பொங்கலுக்கு விடாமுயற்சி தள்ளிப்போனதும் இது உள்ளே நுழைந்தது. இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் எங்கள் பக்கத் தியேட்டரில் பார்த்தேன். பாட்டி, பேத்தி, மாமியார், மருமகள் என்று வந்திருந்தார்கள். செத்துப்போன மந்திரியாக மனோபாலாவைத் தூக்கிக்கொண்டு அலைகிற காட்சியில் என் பக்கத்து சீட் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனோபாலா 2023-லேயே போய்விட்டார். இடைவேளையில் அந்த அம்மாவே "பாவம் மனுசன், இல்லப்பா இப்ப" என்றார். படம் உசத்தியா என்று கேட்டால், இல்லை. ஆனால் அந்தக் கூட்டம் ரசிகர் மன்றம் இல்லை. அவர்கள் காதில் கேட்டு, யோசித்து, வந்த கூட்டம்.

லப்பர் பந்து இன்னும் நல்ல உதாரணம். 2024 செப்டம்பர் 20-ல் சத்தமில்லாமல் வந்தது. நான் போனது மூன்றாவது வாரம். மாநகராட்சி மைதானத்தில் டேப் சுற்றிய பந்தில் ஆடுகிற பையன்கள் எங்கள் வரிசை முழுக்க. கெத்து தினேஷ் பேட்டைத் தூக்கும்போது அவர்கள் திரையைப் பார்த்து "ஆஃப்ல தள்ளு, ஆஃப்ல தள்ளு" என்று ஆலோசனை சொன்னார்கள். விஜயகாந்த் பாட்டு வந்தபோது, அந்தப் பாட்டு வந்த காலத்தில் பிறந்தே இருக்காத பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். அந்தப் படம் ஓடிடிக்கு வந்தது அக்டோபர் 31, கிட்டத்தட்ட ஆறு வாரம் கழித்து. அந்தக் கூடுதல் இரண்டு வாரம் யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், என் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள், தியேட்டர் வாசலில் யூடியூப்காரர்கள் எடுக்கிற விமர்சனத்தைத் தடுக்கணும் என்று அறிக்கை விட்டார்கள். இந்தியன் 2, வேட்டையன், கங்குவா மூன்றும் விமர்சனத்தால் அடிபட்டன என்பது அவர்கள் வாதம். முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை கேட்டு உயர் நீதிமன்றம் வரை போனது, டிசம்பரில் இடைக்காலத் தடை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மைக் நீட்டினால் கத்துகிறவர்கள் மேல் எனக்கும் மரியாதை இல்லை. ஆனால் முதல் நாள் தீர்ப்பு மட்டும்தான் தீர்ப்பு என்று ஆக்கியது யார்? பிளாக் டிக்கெட்காரன் முகத்தைப் பார்க்க ஒரு இரண்டாவது திங்கட்கிழமை வேண்டும். அதை எடுத்துவிட்டு, முதல் வெள்ளிக்கிழமை காலையில் ஒருத்தன் கத்தினால் ஏன் படம் விழுகிறது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? படத்துக்கு இரண்டாவது நாளே 'வெற்றிகரமான இரண்டாவது நாள்' என்று போஸ்டர் ஒட்டுகிற ஊரில் வேறு எப்படி இருக்கும்!

எங்கள் ஏரியாவுக்கு இதில் தனியாக ஒரு வருத்தமும் உண்டு. கடந்த பத்து, பன்னிரண்டு வருஷமாக வட சென்னையைப் பற்றி நிறையப் படம் எடுக்கிறார்கள். வடசென்னை 2018 அக்டோபரில் வந்தது. பெயரே எங்கள் பெயர். ஏ சான்றிதழ், பிள்ளைகளை அழைத்துப் போக முடியாது. 2021-ல் சார்பட்டா பரம்பரை. நெருக்கடி நிலைக் காலம், குத்துச்சண்டை, எங்கள் அப்பா தலைமுறை பேசிப் பேசித் தீராத விஷயம். கொரோனா இரண்டாவது அலை, தியேட்டர்கள் மூடியிருந்தன. ஜூலை 22-ல் படம் நேராக பிரைமில் வந்தது. தியேட்டர்கள் திறந்தது ஒரு மாதம் கழித்து ஆகஸ்ட் 23-ல். தயாரிப்பாளரைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைய நிலைமை அது. அப்பா டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நடுவில் கூரியர்காரன், கேஸ் சிலிண்டர், அத்தை போன். ஒவ்வொரு தடவையும் ரிமோட்டைத் தேடி நிறுத்தினார். முடிந்ததும் நல்லா இருக்கு என்றார். ராத்திரி சாப்பிடும்போது திடீரென்று, "தியேட்டர் தொறந்ததும் இதைப் போடுவான் இல்ல?" என்றார்.

போடவில்லை. போட்டிருந்தாலும் அகஸ்தியாவில் போட்டிருக்க முடியாது. 1967-ல் திறந்த, ஆயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அந்தத் தியேட்டர் 2020-ல், கொரோனாவுக்காக மூடிய கதவைத் திறக்காமலே விடைபெற்றுவிட்டது. ஷேர் ஆட்டோவில் இன்னும் 'அகஸ்தியா எறங்கு' என்றுதான் சொல்கிறார்கள்.

அதற்கு அடுத்த வருஷம், 2021 பிப்ரவரி 14-ல், மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை வந்தது. எங்களுக்குத் தண்டையார்பேட்டையில் ஸ்டேஷன். அதே நீல வழித்தடம் மறுமுனையில் விமான நிலையத்தில் முடிகிறது. அந்த விமான நிலைய வளாகத்தில் 2023-லிருந்து ஒரு மல்டிபிளெக்ஸ் இருக்கிறது.

2025 மே மாதம் டூரிஸ்ட் ஃபேமிலி பற்றித் தெரு முழுக்கப் பேச்சு. இலங்கையிலிருந்து படகில் வந்து சென்னையில் ஒளிந்து வாழ்கிற குடும்பத்தின் கதை. எனக்கு ஆபீஸில் அமெரிக்க நேரத்து வேலை, முதல் இரண்டு வாரம் நகர முடியவில்லை. என் ஷிப்ட்டுக்கு எழுத்துக்கூடக் கிடையாது. மூன்றாவது வாரம் ஆப்பைத் திறந்தால், எங்களுக்குத் தோதான நேரத்தில் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் ஒன்றும் இல்லை. மீனம்பாக்கத்தில் மதியக் காட்சி இருந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனால் மெட்ரோவில் லிஃப்ட் இருக்கு. கிளம்பினோம். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆனது.

பெட்டி தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு நடுவில், வெள்ளை வேட்டி கட்டி, பையில் தண்ணி பாட்டிலோடு அவர் நடந்தார். ஒரு இடத்தில் நின்று, கண்ணாடிக்கு வெளியே இறங்குகிற விமானத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "ஏண்டா, படம் முடிஞ்சு இப்புடியே சிங்கப்பூர் போயிடலாமா?"

உள்ளே பாதிக்கு மேல் சீட் நிரம்பியிருந்தது. பெரும்பாலும் நடுத்தர வயசுக்காரர்கள், இரண்டு மூன்று குடும்பங்கள், ஏர்போர்ட் யூனிஃபார்மில் நாலைந்து பேர். அவர்கள் ஷிப்ட் முடித்து வந்தவர்களா, இனிமேல் போகிறவர்களா என்று அப்பா இடைவேளையில் விசாரித்துக்கொண்டு வந்தார். காலை ஷிப்ட் முடிந்து வந்திருக்கிறார்களாம். இரண்டு மணிக்கு.

"ஏ ஷிப்ட்" என்றார் அப்பா, சீட்டில் உட்கார்ந்துகொண்டே.